எழுத்தைக் கண்டால் ஓடும் பிள்ளைக்குப் படக்கதை: கேள்வி பதில்

எங்கள் தெருவில் சிறுவர் வாசிப்பறை நடத்துகிறேன். சாகசப் படக்கதைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், பையனுக்கு 9 வயது. காமிக்ஸ் கொடுத்தால் படத்தை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: புரட்டட்டும் அம்மா, தடுக்காதீர்கள். யார் ஓடுகிறார்கள், யார் துரத்துகிறார்கள் என்பதைக் கண் முதலில் பிடித்துக்கொள்கிறது. படம் சொல்லாததைத் தேடித்தான் அப்புறம் வசனம் எழுதியிருக்கும் பலூனுக்கு வருவான். அப்படி வரவழைக்கும் கதையாகக் கொடுங்கள்.

நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இரும்புக்கை மாயாவி. 1962இல் இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கட்டத்தில் ஒரு கை, ஒரு பலூன், அவ்வளவுதான். முகமே இல்லை. பயந்து பேசுகிறானா, மிரட்டுகிறானா என்று தெரிய எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு வரி தாண்டாத பையன் ஒருவன், அப்படியொரு கட்டத்தில் விரலை ஊன்றி எழுத்துக்கூட்டிப் படித்தான். அடுத்த பக்கத்துக்கு நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: அதைப் பார்த்து பிள்ளை பிளக்கில் கை வைத்துவிட்டால்?

பதில்: நியாயமான பயம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேண்டாம், லக்கி லுக் கொடுங்கள். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946இல் உருவாக்கிய கௌபாய், தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவன். துப்பாக்கி உண்டு, ஆனால் சிரிப்புதான் அதிகம். பெரிய பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “நிஜத்தில் கரண்டைத் தொட்டால் மறைய மாட்டாய், செத்துப்போவாய்.” நான் இதே வார்த்தையில்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் வகுப்பில் 30 பிள்ளைகள். ஆளுக்கொரு புத்தகம் வாங்க வசதியில்லை.

பதில்: தினத்தந்தியின் கன்னித்தீவு போதும் டீச்சர். 1960இல் தொடங்கிய சிந்துபாத் கதை. பழைய தாள்களில் அடுத்தடுத்த நாள்களின் பகுதிகளைக் கத்தரித்து, காலண்டர் அட்டையில் ஒட்டி, தினம் ஒன்று மாட்டுங்கள். சிந்துபாத் ஆபத்தில் மாட்டிய இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் மணி அடிக்கும் முன்பே அட்டைக்கு முன்னால் கூட்டம் நிற்கும்.

கேள்வி: மகள் ஒரே புத்தகத்தைப் பத்து தடவை படிக்கிறாள். புதிதைத் தொடுவதில்லை.

பதில்: விடுங்கள். முதல் தடவை திக்கிய சொல்லை இப்போது திக்காமல் கடக்கிறாள், அந்தச் சுகத்துக்காகத்தான் திரும்பி வருகிறாள். கதை என்ன என்று கேட்டுப் பரீட்சை மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: சிறுவயதில் சேர்த்த பழைய காமிக்ஸ்கள் பீரோவில் இருக்கின்றன. பேரனிடம் கொடுத்தால் கிழித்துவிடுவானோ?

பதில்: கிழியும் ஐயா, அந்தத் தாள் இந்நேரம் அப்பளமாக இருக்கும். மாயாவி கதைகள் மறுபதிப்பாக வந்திருக்கின்றன, அதை அவன் கையில் கொடுங்கள். பழையதை நீங்கள் மடியில் வைத்துப் பிரியுங்கள், அவன் பக்கத்தில் உட்காரட்டும்.