தட்டினால் கேட்ட டி.வி., தட்டியும் கேட்காத செல்போன்

கேள்வி: பழைய டி.வி., டேப் ரெக்கார்டர் காலத்திலும் தொல்லைகள் இருந்தன. ஆனாலும் ஸ்மார்ட்போன் தரும் எரிச்சல் அவற்றைவிட மோசமாகத் தோன்றுவது ஏன்? வெறும் பழைய நினைவு மயக்கமா?

மயக்கம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் கேசட்டைத் தின்றது. 90 நிமிடக் கேசட் போட்டால் இன்னும் ஆசையாகத் தின்றது. அதே உறைக்குள் கூடுதல் நீளத்தைச் சுற்ற வேண்டும் என்பதால் அதன் நாடாவை 60 நிமிடக் கேசட்டின் நாடாவைவிட மெல்லியதாகச் செய்தார்கள். உருளையில் எளிதில் சிக்கிக்கொள்ளும். பெல்ட் தளர்ந்துவிட்டாலோ, எந்தப் பாடகியும் தடிமன் பிடித்த ஆண்பிள்ளைபோல இழுத்து இழுத்துப் பாடுவார்.

தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு அவஸ்தையும் தெரியும். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி என்ற தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைத் தூர்தர்ஷன் எட்டாத கரையோர ஊர்களில் நீண்ட இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்து, கடல் தாண்டி வந்த அந்தப் படத்தைப் பிடித்தார்கள். காற்று அசையாத இரவில் துல்லியமாகத் தெரியும்; மறுநாள் வெறும் புள்ளி மழை. மொட்டை மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்... ஐயோ, போய்விட்டது!" என்று குரல் வரும். இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தத் தொல்லைகளில் ஒரு வசதி இருந்தது. குறை எங்கே இருக்கிறது என்று தேடிப்போகலாம். தேடினால் கையில் தட்டுப்படும். டி.வி.யின் தலையில் தட்டினால் படம் வரும் என்பது மூடநம்பிக்கை அன்று. உள்ளே போர்டில் சூடேறும் பாகங்களின் கால்கள் ஈயம் வைத்த இடத்தில், வருடக்கணக்கில் சூடாகியும் ஆறியும் மயிரிழை விரிசல் விழும். மெக்கானிக்குகள் இதை டிரை சால்டர் என்பார்கள். தட்டும்போது ஏற்படும் அதிர்வில் விரிசல் சேர்ந்துகொள்ளும், படம் வந்துவிடும். நாளாக நாளாகத் தட்டு பலமாக வேண்டியிருக்கும். கடைசியில் மெக்கானிக் வருவார். பின்மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் போர்டை அங்கங்கே மெல்லத் தட்டுவார். எந்த இடத்தில் தட்டும்போது படம் துள்ளுகிறதோ அங்கே ஒரு பொட்டு ஈயம். புகை எழும், குங்கிலியம்போல ஒரு வாசனை வரும், வேலை முடிந்துவிடும். கலர் டி.வி.யின் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும் என்பதால் பிள்ளைகள் எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும், ஆனால் பார்க்கலாம்.

செல்போனில் பார்க்கவே ஒன்றும் இல்லை. அதைவிட, அது தரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பழுதே அல்ல. எல்லாம் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும்போதே வருபவை. எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ எடுத்த முடிவு, நம்மைக் கேட்காமல் நம் உள்ளங்கையில் வந்து இறங்குகிறது. என்னைப் பொறுத்தவரை எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

என் அம்மா போன் எடுப்பதைச் சொல்கிறேன். அழைப்பு வருகிறது, பச்சை வட்டம் துடிக்கிறது. அம்மா அதை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. நகம் வெளுக்கும் அளவுக்கு இன்னும் பலமாக அழுத்துகிறார். மிக்ஸி, ரேடியோ, வாசல் மணி என்று வாழ்நாளெல்லாம் அவர் கையாண்ட பொருள்கள் யாவும் அழுத்தினால் கேட்டவை. இந்தத் திரைக்கோ அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. வயதானவர்களின் வறண்டு காய்த்த விரல் நுனியில் அந்த மாற்றம் குறைவு. ஈரக் கையோடு வந்தால் நேர்மாறு. தொடாத இடமெல்லாம் தொட்டதாகிவிடும். சமையலறையில் புழங்கும் ஒருவருக்கு இந்த இரண்டு நிலைக்கும் நடுவே விரலை வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று வடிவமைத்தவர்களில் யாராவது யோசித்திருப்பார்களா? போகட்டும். அழுத்தக் கூடாது, மேலே தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். பழகியும்விட்டார். அப்புறம் ஓர் இரவு அப்டேட் வந்தது. மறுநாள் முதல் பக்கவாட்டில் தள்ள வேண்டும்.

"நேற்றுவரை மேலேதானே தள்ளினேன், யார் மாற்றியது?" என்று கேட்டார். வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

இப்படி நம்மைக் கேட்காமல் மாற்றுவதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஊரறிந்தது. ஐபோன் பழசானால் மந்தமாகிவிடுகிறது என்று பலர் வெகுநாள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். வெறும் பிரமை என்று மற்றவர்கள் சிரித்தார்கள். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த சில மாடல்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். காரணம் நியாயமானதுதான். பழைய பேட்டரியால் உச்ச வேலையின்போது தேவைப்படும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் உரியவரிடம் சொல்லவில்லையே! "உன் பேட்டரி தளர்ந்துவிட்டது, மாற்றினால் வேகம் திரும்பும்" என்று திரையில் ஒரு வரி போட்டிருந்தால் போதும். அது தெரியாமல் எத்தனையோ பேர் புதிய போன் வாங்கியிருப்பார்கள். 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்ததும், வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றத்துக்காகத்தான்.

வாட்ஸ்அப் சங்கதியும் இதே வகை. ஆண்ட்ராய்டு 4.4 பதிப்புள்ள போனில் அது இப்போது ஓடாது. போனின் திரை, ஸ்பீக்கர், கேமரா எல்லாம் நன்றாக இருக்கும். பேரனின் படம் மட்டும் வராது. பாதுகாப்புக் காரணங்கள் உண்டு, புரிகிறது. ஆனால் என் பழைய ரேடியோவிடம் எந்த வானொலி நிலையமும் "உன் ரேடியோ பழைய பதிப்பு" என்று சொன்னதில்லை. இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் அனைவர் போனிலும் மலர்ந்து கிடக்கின்றன.

பேட்டரிக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் பாதித் தொல்லை அதில்தான் இருக்கிறது. 2003-ல் வந்த நோக்கியா 1100 நினைவிருக்கிறதா? முனையில் டார்ச் வைத்த போன். அதன் பேட்டரி பி.எல்.-5சி. பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளினால் வெளியே வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. அந்தப் போன்களும் பெரும்பாலும் காணாமல் போய்விட்டன. பேட்டரி மட்டும் சாகவில்லை. கையடக்க எஃப்.எம். ரேடியோக்களிலும் சிறு ஸ்பீக்கர்களிலும் அதே அளவு பேட்டரியைத்தான் இன்றும் போடுகிறார்கள். சின்னச் சின்ன செல்போன் கடைகளில்கூட அது தொங்கும். போனையே விஞ்சி வாழ்கிற உதிரிபாகம்!

இன்றைய போனிலும் லித்தியம் பேட்டரிதான்; பல போன்களில் சுமார் 500 முழுச் சுற்று ஏற்றி இறக்கியதும் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தேயும் என்று தெரிந்த பொருளைப் பசை வைத்து உள்ளே ஒட்டிவிடுகிறார்கள். தண்ணீர் புகாமல் இருக்க, ஒல்லியாக இருக்க என்று சமாதானம் சொல்கிறார்கள். ஒல்லியான போனுக்குத் தடித்த உறை வாங்கிப் போடும் ஊர் நம்முடையது என்பது அவர்களுக்குத் தெரியாதுபோலும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், பயன்படுத்துபவரே கழற்றக்கூடிய பேட்டரி வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது, விலக்குகளும் உண்டு. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கினார்கள். அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

ஆகவே மயக்கம் மட்டும் அன்று, உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. கேள்வியில் கேட்கவில்லை என்றாலும், புதிய போனுக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் சிலவற்றைச் செய்து பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால், போனை அணைத்துவிட்டு, சார்ஜர் செருகும் துளையைப் பல் குத்தும் மரக்குச்சியால் மெல்லக் கிளறுங்கள். சட்டைப்பை நூலும் தூசியும் அமுங்கி அடையாகவே வரும். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் இணைப்பு முனைகளைக் கெடுத்துவிடும். வாட்ஸ்அப் அமைப்புகளில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அதற்கும் மேல் மந்தமாக இருந்தால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், புதிய போனோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு. போனைக் கடையில் கொடுப்பதற்கு முன் படங்களையும் எண்களையும் வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். கடைக்காரர் பூட்டு எண்ணைக் கேட்டால் சொல்லாதீர்கள். பேட்டரி மாற்றுவதற்கு அது தேவையில்லை.