லாராவின் தொப்பி: ‘தி கார்டன் பார்ட்டி’ பற்றிக் கேட்டதும் சொன்னதும்

கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் எழுதி 1922இல் வெளிவந்த கதை. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஷெரிடன் என்ற வசதியான குடும்பம் தோட்டத்தில் விருந்துக்குத் தயாராகிறது. அன்று காலை, கீழே சந்தில் குடியிருக்கும் ஸ்காட் என்ற வண்டிக்காரர், குதிரை மிரண்டதில் தூக்கி எறியப்பட்டு இறந்துபோகிறார். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள். விருந்தை நிறுத்தச் சொல்கிறாள் மகள் லாரா. யாரும் கேட்பதில்லை. மாலையில் மிச்சப் பலகாரத்தைக் கூடையில் போட்டு, அவளையே அந்த வீட்டுக்கு அனுப்புகிறாள் அம்மா. பல வருஷமாக வகுப்பில் நடத்திய கதை, தைரியமாகக் கேளுங்கள்.

மேடம், தொப்பி எதற்குக் குறியீடு? ஒரே வரியில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

‘தொப்பி பணக்காரத்தனத்தின் குறியீடு’ என்று எழுதினால் கிடைக்கும். ஆனால் தொப்பி கதையில் மூன்று முறை வேலை செய்கிறது, அதைப் பாருங்கள். விருந்தை நிறுத்தச் சொல்லி லாரா வாதாடும்போது, நிறுத்தத் தேவையில்லை என்று சொல்லும் அம்மா, தன் தொப்பியை எடுத்து மகள் தலையில் வைத்துவிடுகிறாள். அப்போது லாரா மசியவில்லை. தன் அறைக்குப் போகிறாள். தற்செயலாகக் கண்ணாடி கண்ணில் படுகிறது. தங்க நிற டெய்சிப் பூ வைத்த கறுப்புத் தொப்பி, நீளமான வெல்வெட் ரிப்பன், அழகான ஒரு பெண். அவ்வளவுதான், அம்மா சொன்னது சரியாக இருந்தால் தேவலை என்று தோன்றிவிடுகிறது. விருந்து முடிந்ததும் அந்தச் சாவை நினைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறாள். வாதத்தில் தோற்றிருந்தால் பரவாயில்லை, கண்ணாடியிடம் தோற்கிறாள். அப்புறம் சந்தில் நடக்கும்போது அதே தொப்பி கனக்கிறது, வேறு தொப்பி போட்டு வந்திருக்கக் கூடாதா என்று கூசுகிறாள். கடைசியில் இறந்தவரிடம் அவள் சொல்லும் ஒரே வார்த்தை, என் தொப்பியை மன்னித்துவிடுங்கள் என்பதுதான்.

சந்தை இவ்வளவு மட்டமாக வர்ணித்திருக்கிறாரே, ஆசிரியருக்கே ஏழைகள் மீது இளக்காரமா?

அது ஷெரிடன் வீட்டுக் கண். அந்தக் குடிசைகள் அங்கே இருக்கவே உரிமை இல்லாதவை என்கிற தொனி அவர்களுடையது. முட்டைக்கோஸ் தண்டு, சீக்குக் கோழி, தக்காளி டப்பா என்று ஒரு பட்டியல். புகையைக்கூட விடவில்லை. சந்து வீடுகளிலிருந்து கந்தல் கந்தலாகப் புகை வருகிறது, ஷெரிடன் வீட்டுப் புகைபோக்கியிலோ வெள்ளி இறகு மாதிரி எழுகிறது. எரிந்தது என்னவோ இரண்டு இடத்திலும் விறகோ கரியோதான். இந்த இடத்தில் சிரிக்காமல் படிக்க எனக்கு முடிந்ததில்லை.

லாரா கூடாரம் போட வந்த தொழிலாளர்களோடு சகஜமாகப் பழகுகிறாளே, அவள் வேறு மாதிரி இல்லையா?

நல்ல பெண், சந்தேகமில்லை. ஒரு தொழிலாளி லாவெண்டர் கொத்தைக் கிள்ளி முகர்ந்து பார்க்கிறார். தனக்குத் தெரிந்த பையன்களில் எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள் என்று அவள் வியக்கிறாள். கையிலிருந்த வெண்ணெய் ரொட்டியை வாய் நிறையக் கடித்து, தானும் ஒரு வேலைக்காரப் பெண்தான் என்று மகிழ்கிறாள். அது வேஷம். இரண்டு நிமிஷத்தில் யாரோ உள்ளேயிருந்து டெலிபோன் என்று கூப்பிட, ஓடிவிடுகிறாள். வேலைக்காரப் பெண்ணாக நிஜமாகவே இருக்கிறவளுக்கு அப்படி ஓட முடியாது.

அக்கா, மிச்சம் ஆனதைக் கொடுப்பதில் என்ன தப்பு? வீட்டு விசேஷத்தில் நாங்களும் கொடுப்போம்.

கொடுப்பது தப்பில்லை. யார் கேட்டார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள். காலையில் இறந்த செய்தி தெரியும். பதினைந்து வகை சாண்ட்விச்சும் கிரீம் பஃபும் விருந்தாளிகள் தின்று முடித்து, மிச்சம் விழுந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. அதைவிடக் குத்துவது பூ விஷயம். அந்த வகுப்பு ஆட்களுக்கு ஆரம் லில்லி என்றால் அசந்துபோவார்கள், அதையும் கொண்டுபோ என்கிறாள் அம்மா. தண்டு பட்டால் லேஸ் உடை பாழாகும் என்கிறாள் அக்கா ஜோஸ். பூ வீட்டிலேயே நின்றுவிடுகிறது. துக்க வீட்டுக்குப் போகும் பூவை ஒரு லேஸ் கவுன் தடுத்துவிட்டது.

பூப் பறிக்கப் போன பெர்சிஃபனி என்ற தேவதையைப் பாதாள அரசன் தூக்கிப்போன கிரேக்கக் கதைதான் இது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரியா?

பூக்கள், சரிவில் இறங்குதல், நிழல் போல ஓடும் பெரிய நாய் என்று பொருத்தம் நிறைய உண்டு. பொருந்தட்டும். ஆனால் சந்து பாதாள உலகமாகிவிட்டால், அங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

இது எந்த ஊர்?

நியூசிலாந்து. கதையில் ஊர்ப் பெயர் இல்லை, கராகா மரங்கள் காட்டிக்கொடுக்கின்றன. அந்த மண்ணுக்கே உரிய மரம் அது, மஞ்சள் காய்க் கொத்துகளோடு நிற்கிறது. விருந்துக் கூடாரத்தைப் போட்டு அதை மறைக்கிறார்கள். மான்ஸ்ஃபீல்ட் 1888இல் வெலிங்டனில் பிறந்தவர், அப்பா வங்கித் துறையில் பெரிய ஆள். மேட்டு வீட்டை அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை.

முடிவில் லாராவுக்கு ஞானம் வந்துவிட்டதா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே போக வழி தேடியவள், தவறிப்போய்ப் பிணம் கிடக்கும் அறைக்குள் நுழைகிறாள். இறந்தவர் முகம் அமைதியாக, அழகாக இருக்கிறது, அதில் நெகிழ்கிறாள். அதற்குச் சற்று முன் சமையலறையில் இன்னொரு முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிச் சிவந்த மனைவியின் முகம். யார் இந்தப் பெண், கூடையோடு இங்கே ஏன் நிற்கிறாள் என்று புரியாமல் அது விழிக்கிறது. அந்த முகத்தின் முன்னால் லாராவால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. செத்தவர் எதுவும் கேட்கமாட்டார், சௌகரியம்.

கடைசி வரியைத் தமிழில் எப்படிப் போடுவீர்கள்?

வாழ்க்கை என்றால் என்னவென்று சொல்ல வந்து, சொல்ல முடியாமல் சகோதரன் லாரியிடம் பாதியில் நிறுத்துகிறாள். தமிழில் பயனிலை கடைசியில் வருவது இங்கே நமக்கு வசதி. ‘வாழ்க்கைங்கிறது... வாழ்க்கைங்கிறது...’ என்று விட்டுவிடலாம். லாரிக்கு நான் போடுவது: ‘ஆமாம், இல்லையா கண்ணு?’ அவனுக்குப் புரிந்ததா என்று கேட்காதீர்கள். அவன் அந்த வீட்டுக்குள் போகவே இல்லை, சந்து முனையில்தான் அவளைச் சந்தித்தான்.