ஹியர்டாக்கின் முடிவுச் சொல்லை இடது ஓரத்துக்கு இழுங்கள்
உங்கள் கணினியில் ஓடுகிற பிஎச்பி பக்கம் சர்வரில் மட்டும் பார்ஸ் எரர் (கோடைப் புரிந்து படிக்க முடியாத பிழை) தருகிறது, அங்கே பிஎச்பி 7.2, உங்களிடம் 8 என்றீர்கள். சிக்கல் அதில்தான். இஃப்புக்குள் தள்ளி எழுதியிருக்கிறீர்களே அந்த ஹியர்டாக் (பல வரி உரையை ஒரு சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடிக்கும் முறை), அதன் முடிவுச் சொல் 7.3-க்கு முன்பு வரியின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும், முன்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் பிஎச்பி அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் கோப்பின் கடைசிவரை எல்லாமே உரை என்று படித்துக்கொண்டே போகும். ஓரத்துக்கு இழுங்கள், அரைப்புள்ளிக்குப் பின்னாலும் ஸ்பேஸ் வேண்டாம்.

அப்புறம், ஃபார்மில் வரும் பெயரை அப்படியே பக்கத்தில் காட்டும் எச்டிஎம்எல் டேபிளுக்குள் விடுகிறீர்கள். யாராவது அங்கே ஸ்கிரிப்ட் டேக் எழுதினால் பார்க்கிறவர் பிரவுசரில் ஓடிவிடும். ஹியர்டாக்குக்குள் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட முடியாது, அதனால் மேலேயே எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (டேக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் ஃபங்ஷன்) போட்டு, வருவதை ஒரு மாறியில் வைத்து உள்ளே கொடுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.