நேர்மையான ஆள் மட்டும் போதாது தம்பி

அன்புள்ள அண்ணா,
ஊழலை விசாரிக்க மத்தியில லோக்பால், மாநிலத்துல லோக்ஆயுக்தான்னு எத்தனை அமைப்பு வந்தாலும் லஞ்சம் குறையலை. நேர்மையான ஒருத்தரை தலைவரா போட்டா எல்லாம் சரியாயிடும்தானே? அப்படி ஒருத்தரை எப்படி கண்டுபிடிக்கிறது? அரசு ஊழியர் சம்பளத்தை கூட்டினா லஞ்சம் குறையுமா?
ம., ஓசூர்

அன்புள்ள ம.,

சம்பளக் கதையை விட்டுடுங்க. கோடிக்கணக்குல திங்கிறவன் யாரும் சம்பளம் பத்தாம திங்கலை.

"நேர்மையான ஒருத்தர்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் கோவம்தான் வந்துச்சு, ஏன்னா கொஞ்ச நாளா நானும் இதைப் பத்தியேதான் யோசிச்சிட்டிருக்கேன். ஓசூர்ல இருக்கீங்க, பக்கத்துல அத்திப்பள்ளி போனாலே கர்நாடகா, அங்க நடந்தது தெரியாமலா இப்படி கேக்குறீங்க?

அங்க லோக்ஆயுக்தா தலைவரா சந்தோஷ் ஹெக்டே இருந்தார், சுப்ரீம் கோர்ட்ல நீதிபதியா இருந்தவர். பெல்லாரி இரும்புத்தாது கொள்ளையை தோண்டினார். பேலகேரி துறைமுகத்துல பறிமுதல் பண்ணி வச்சிருந்த லட்சக்கணக்கான டன் தாது காணாம போச்சு, அதைப் பிடிச்ச வன அதிகாரியையே சஸ்பெண்ட் பண்ணப் பார்த்தாங்க, அதனால ஹெக்டே 2010 ஜூன்ல ராஜினாமா பண்ணிட்டு அப்புறம் வாபஸ் வாங்கினார். 2011 ஜூலைல ரிப்போர்ட் குடுத்தார், அரசுக்கு 16,085 கோடி நஷ்டம்னு. நாலே நாள்ல முதல்வர் எடியூரப்பா பதவி போச்சு. (அதோட சேர்ந்த லஞ்ச வழக்குல 2016ல அவர் விடுதலையானதையும் சொல்லிடணும்.)

நேர்மையான ஆள் வந்தாச்சு இல்ல, அப்புறம் என்ன ஆச்சு? அதே நாற்காலில பாஸ்கர் ராவ் உட்கார்ந்தார், 2015ல மிரட்டிப் பணம் பறிச்ச வழக்குல அவர் மகனே கைதானார், அவரும் ராஜினாமா பண்ணார். அடுத்த வருஷமே கர்நாடக அரசு ஊழல் தடுப்பு பீரோன்னு தனியா ஒண்ணை ஆரம்பிச்சு, லோக்ஆயுக்தா போலீஸ்கிட்ட இருந்த அதிகாரத்தை அதுக்கு மாத்திடுச்சு, அந்த பீரோ முதல்வர் கைக்குள்ள. 2022 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் அதை ரத்து பண்ணித்தான் அதிகாரம் திரும்பி வந்துச்சு. ஆக ஆறு வருஷம், தலைவர் எவ்வளவு யோக்கியரா இருந்திருந்தாலும் ரெய்டுக்கு ஆள் அனுப்ப அதிகாரம் இல்ல.

நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க ஊர் தாலுகா ஆபீஸ்ல ஒரு ட்ராப் பார்த்தேன், அதாவது லஞ்சம் வாங்குறவரை பொடி தடவின நோட்டைக் குடுத்து பொறி வச்சுப் பிடிக்கிறது. அப்பாவோட பட்டா விஷயமா போயிருந்தோம். திடீர்னு ரெண்டு பேர் உள்ள வந்து ஒரு சர்வேயரோட மணிக்கட்டைப் பிடிச்சாங்க, கண்ணாடி டம்ளர்ல தண்ணி மாதிரி ஒரு கரைசல், அதுல அவர் விரலை முக்கினாங்க, பளிச்சுன்னு ரோஸ் கலர் ஆச்சு. அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு பாவமா இருந்துச்சு, இப்பவும் பாவம்தான், ஆனா பண்ணது தப்பு. வீட்டுக்கு வர்ற வழியில அப்பா சொன்னார், "இவன் வாங்குறதுல பாதி மாடிக்குப் போகுதுன்னு ஊருக்கே தெரியும், அங்க எவனும் ஏறலையே."

ஏன் ஏறலைன்னு யோசிங்க. நம்ம லஞ்ச ஒழிப்புத் துறை 1964லேர்ந்து இருக்கு, நல்ல ஆட்களும் இருக்காங்க, ஆனா அரசுக்குக் கீழ வேலை பாக்குறாங்க. அவங்க டிரான்ஸ்ஃபரும் புரமோஷனும் யாரை விசாரிக்கணுமோ அவங்க கைலயே இருந்தா, ஐநூறு ரூபா வாங்கினவன்தானே மாட்டுவான்? பத்தாததுக்கு 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்துல 17ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க: அதிகாரி வேலையில எடுத்த முடிவைப் பத்தி விசாரிக்கணும்னா மேலிடத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். கையும் களவுமா பிடிச்சா மட்டும் அனுமதி வேண்டாம். அதாவது அந்த சர்வேயரைப் பிடிக்க தடையில்ல, டெண்டர்ல கையெழுத்து போட்டவரைத் தொடத்தான் தடை. இதைப் பத்தி ஒரு வரி எழுதாம மகானைத் தேடிக்கிட்டிருக்கீங்க.

கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்க வயசுல இதுக்காக மனசு கொதிக்குதே, அது எனக்குப் பெரிய விஷயம். ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட கேளுங்க: லோக்ஆயுக்தாவுக்கு சொந்தமா போலீஸ் உண்டா, அந்த போலீஸை டிரான்ஸ்ஃபர் பண்றது யாரு, ரிப்போர்ட் வந்தா எத்தனை நாள்ல சட்டசபையில வைப்பீங்க. என்ன பதில் சொல்றாங்கன்னு எனக்கு எழுதுங்க.