கரும்புச் சோகைக்குள் பூனைக்குட்டிகள்: எடுத்து வளர்க்கலாமா?

கேள்வி: கரும்பு வெட்டும்போது சோகைக்குள் (காய்ந்த கரும்பு இலைக் குவியலுக்குள்) மூன்று பூனைக்குட்டிகள் கிடந்தன. உடம்பில் வரி தெரிகிறது. தாயைக் காணோம். வெட்டு ஆட்கள் ஆளுக்கொன்று வளர்க்கிறோம் என்கிறார்கள். காட்டுப்பூனை கோழி பிடிக்கும், விட்டுவைக்காதே என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். என்ன செய்வது?
– ஒரு விவசாயி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். வரி இருப்பதால் நாட்டுப்பூனை என்று நினைத்துவிடாதீர்கள். காட்டுப்பூனைக் குட்டிக்கும் வரி உண்டு. வளர வளர மங்கி உடம்பு மணல் நிறமாகிவிடும். தாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்: நெட்டைக் கால், குட்டை வால், வால் நுனிப்பக்கம் கறுப்பு வளையம், காது முனையில் சின்ன மயிர்க்கொத்து. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் குற்றம்.

தாய் ஓடிப்போகவில்லை. ஆள் சத்தத்துக்குப் பயந்து பக்கத்தில்தான் பதுங்கியிருக்கும். கையுறை போட்டு, உயரம் குறைந்த திறந்த கூடையில் குட்டிகளை எடுத்த இடத்திலேயே வையுங்கள். சுற்றி நாலைந்து வரிசைக் கரும்பை இப்போதைக்கு வெட்ட வேண்டாம். அந்தப் பக்கம் சோகைக்குத் தீ வைக்கவே கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பி, நாயையும் கட்டிப்போட்டால், தாய் இரவில் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் வனத்துறையினர் இப்படித்தான் குட்டிகளைத் தாயிடம் சேர்க்கிறார்கள். பாவமென்று பசும்பால் ஊற்றாதீர்கள், கழிச்சல் கண்டுவிடும். விடிந்தும் அங்கேயே கிடந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கோழி விஷயத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் காட்டுப்பூனையின் முக்கிய இரை எலிதான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு எலியைத் தின்னும். அடிக்கரும்பைக் கடித்துச் சாய்க்கும் எலிக்குச் சம்பளமில்லாத காவல்காரனை ஏன் விரட்ட வேண்டும்? கோழியை இருட்டுவதற்குள் அடைத்து, கூண்டுக்குச் சின்னக் கண் கம்பிவலை அடித்துவிட்டால் போதும். மரநாய், கீரித் தொல்லையும் சேர்ந்து குறையும்.

எலிக்கு புரோமோடயலோன் என்ற விஷக் கட்டி வைக்கும் வழக்கமிருந்தால் நிறுத்துங்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் ஏறும். அதற்குப் பதில் வரப்பில் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறியை வையுங்கள். வீட்டுப்பூனைகளுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிடுங்கள். அவற்றின் நோய் காட்டுப்பூனைக்குத் தொற்றும், இரண்டும் இணைசேரவும் செய்யும்.