சபைக்குள் கள்ள உபதேசம் நுழையாமல் காப்பது எப்படி? "அன்பாகப் போங்கள்" என்று ஆயர் சொன்னால் என்ன செய்வது?

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. "அன்பாகப் போங்கள்" என்று ஆயர் சொல்கிறார் என்கிறீர்கள். நானும் எட்டு மாதம் அன்பாகத்தான் போனேன். அந்த எட்டு மாதத்தில் என் பெரியம்மாவுக்கு வலது பாதத்தில் பாதி போய்விட்டது.

நீங்கள் எந்த ஊர் என்று தெரியாது, ஆனால் உங்கள் நிலைமை ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன். தவறாகப் போதிக்கிறவர் வெளியாள் இல்லை, உங்கள் சபையிலேயே முன் பெஞ்சில் உட்காருகிறவர். நன்றாகப் பாடுவார். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அசனப் பண்டிகைக்கு இரண்டு மூட்டை அரிசி கொடுப்பார். அதனால் அவரைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. சரிதானே?

எங்கள் சபையிலும் அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கம், மிஷனரி காலத்துச் சபை, 150 குடும்பம் இருக்கும். நான் அங்கே 22 வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒரு அண்ணன் வெள்ளிக்கிழமை ராத்திரி தன் வீட்டில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். முதல் ஆறு மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாது, நானே போயிருக்கிறேன், அங்கே அழுது ஜெபித்திருக்கிறேன், அதை மறைக்கப்போவதில்லை. அப்புறம் மெதுவாகப் பேச்சு மாறியது. "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று ஏசாயா 53:5-ஐ எடுப்பார், ஏற்கெனவே குணமான உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று கேட்பார். அதோடு 2 நாளாகமம் 16:12-ஐ வாசிப்பார். ஆசா ராஜாவுக்குக் காலில் வியாதி வந்தது, "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்", அடுத்த வசனத்தில் செத்துப்போனான். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விசுவாசம் உள்ளவர்கள் மருந்து மாத்திரையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். பெரியம்மா ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தார்கள். 14 வருஷமாகச் சர்க்கரை, தினம் இரண்டு வேளை ஊசி.

எனக்கு அடுத்த நாளே தெரியும். ஆயரிடம் போய்ச் சொன்னேன். "நல்ல மனுஷன்மா, மனஸ்தாபம் வேண்டாம், அன்பாகப் போங்கள், ஜெபத்தில் வையுங்கள்" என்றார். அவருக்கு மாற்றல் வரும் நேரம், போகிற இடத்துக்குச் சண்டையோடு போக வேண்டாம் என்று நினைத்திருப்பார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், என் தம்பிக்கு விசா ஏற்பாடு பண்ணிக் கொடுத்தது அந்த அண்ணன்தான். அந்த நன்றி என் வாயைக் கட்டிப்போட்டது.

சில மாதம் கழித்துப் பெரியம்மா சாட்சி சொன்னார்கள். என்னிடமும் சொன்னார்கள், "ஏட்டி, முன்னால கால் தீயா எரியும்லா, இப்போ எரிச்சலே இல்ல பாத்துக்கோ. கர்த்தர் குணமாக்கிட்டாருட்டி." எல்லோரும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னோம். நானும் கை தட்டினேன். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினபோதுதான் புரிந்தது. சர்க்கரை வருஷக்கணக்கில் கூடிக் கிடந்தால் கால் நரம்பு கெட்டுப்போகும், முதலில் எரியும், குத்தும், பிறகு உணர்ச்சியே இருக்காது. எரிச்சல் போனது நரம்பு செத்ததால். கொல்லைப்பக்கம் போனபோது உடைமுள் குத்தி உள்ளே முறிந்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியவே இல்லை. புண் வாடை அடித்துத்தான் கண்டுபிடித்தோம். அன்றைக்குச் சர்க்கரை 480-க்கு மேல். முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதத்தில் முன்பாதியையும் எடுத்தார்கள்.

வார்டில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராத்திரி ஒன்றில்தான் 2 நாளாகமம் 16-ம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அந்த ஒரு வசனத்தைக் கேட்டதோடு விட்டிருந்தேனே தவிர அதிகாரத்தை வாசிக்கவில்லை. அங்கே நடப்பது வேறு. சண்டை வந்ததும் ஆசா கர்த்தரை நம்பாமல், ஆலயப் பொக்கிஷத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்பி அவனோடு கூட்டு வைக்கிறான். அது தப்பு என்று அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் வந்து முகத்துக்கு நேரே சொல்கிறான். ராஜா கோபப்பட்டு அவனைக் காவலறையில் போடுகிறான். அதற்குப் பிறகுதான் கால் வியாதி. வியாதியில்கூடக் கர்த்தர் பக்கம் திரும்பவில்லையே என்பதுதான் ஆசாமேல் உள்ள குற்றம். வைத்தியனைப் பார்க்கிற எல்லோருக்கும் அந்தக் குற்றத்தை எப்படிச் சுமத்த முடியும்? தப்பைச் சுட்டிக்காட்டினவனை அடைத்துப்போட்ட கதையை வைத்தே எங்கள் வாயை அடைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தழும்புகளைப் பற்றிச் சொன்ன அதே ஏசாயாவின் புஸ்தகத்தில் 38-ம் அதிகாரம் இருக்கிறது. எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடந்து அழுது ஜெபிக்கிறான், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கிறார். கொடுத்த பிறகு ஏசாயா என்ன சொல்கிறான்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள், அப்பொழுது பிழைப்பார் என்கிறான். பிளவை எப்படிப்பட்ட சீழ்க்கட்டி என்று சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டுக்கு விளக்க வேண்டாம். ஜெபத்தைக் கேட்ட தேவன்தான் பற்றும் போடச் சொல்லியிருக்கிறார். அதை அன்றே வாசித்திருந்தால்!

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரியம்மா வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் செய்தது இதுதான். மாற்றலாகி வந்த புது ஆயரிடம் கேட்டுப் புதன்கிழமை சாயங்காலம் வேத வாசிப்பு ஆரம்பித்தோம். பிரசங்கம் கிடையாது. யாராவது ஒரு வசனத்தைச் சொன்னால் அந்த அதிகாரத்தை முழுசாகவும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேர்த்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பெரோயா பட்டணத்தார் "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்த"தாக அப்போஸ்தலர் 17:11 சொல்கிறதே, அவர்கள் சோதித்துப் பார்த்தது பவுலின் போதனையை. பவுலுக்கே அப்படி என்றால் எங்கள் ஊர் அண்ணனைச் சோதித்தால் அது எப்படி அன்பில்லாமை ஆகும்? முதல் புதன்கிழமை 11 பேர் வந்தார்கள், எல்லோரும் வயதானவர்கள். பிறகு பிள்ளை பெற்ற தாய்மார் வந்தார்கள், அவர்கள் கேட்ட கேள்விகளுக்குத்தான் நான் அதிகம் படிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆலயத்தில் திரை போட்டு வசனத்தைக் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து யாரும் வேதாகமத்தைக் கையில் கொண்டுவருவதில்லை. திரையில் ஒரு வசனம்தான் தெரியும், மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. நம் ஜனங்களுக்காக மிஷனரிகள் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்து, 1714-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடத் தொடங்கினார்கள். அதை இன்று வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு வருகிறோம். திரைக்கும் ஸ்பீக்கருக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கச் சபைக் கமிட்டிக்குப் பணம் இருக்கிறது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேதாகமம் வாங்கக் கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். சபைத் தேர்தல் வந்தால் மட்டும் ராத்திரி 12 மணி வரை வீடு வீடாக ஆள் வரும். பெரியம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது அதே ஆட்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று என்னிடம் கணக்கு இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது, ஆனாலும் அழிக்கப்போவதில்லை.

அண்ணனிடமும் நேரில் போனோம். நான், இன்னொரு டீச்சர், ஓய்வுபெற்ற உபதேசியார். ஆராதனையில் வைத்து அவமானப்படுத்தக் கூடாது, முதலில் தனியாகப் பேச வேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார், மத்தேயு 18 அப்படித்தான் சொல்கிறது. பெண்கள் உபதேசம்பண்ணலாமா என்று 1 தீமோத்தேயு 2:12-ஐ எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள், பிரசங்கியான அப்பொல்லோவை அழைத்து உட்காரவைத்து மார்க்கத்தை "அதிக திட்டமாய்" விவரித்துக் காண்பித்தவர்களில் பிரிஸ்கில்லாளும் உண்டு என்று அப்போஸ்தலர் 18:26-ல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கமிட்டியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம், அப்போதும் பெரியம்மாவுக்கு விசுவாசம் குறைந்ததால்தான் கால் போனது என்றார். அந்தப் பேச்சு பெரியம்மா காதுக்கும் போய்விட்டது. கால் போனதற்கு அழாதவர்கள் அதற்கு அழுதார்கள். "இரண்டொருதரம் புத்திசொன்னபின்பு அவனைவிட்டு விலகு" என்று தீத்து 3:10-ல் இருக்கிறது. அதன் பிறகு ஆயர் ஆராதனை முடிவில், ஆள் பெயரைச் சொல்லாமல் போதனையை மட்டும் சொல்லி, இது வேதத்துக்கு மாறானது, மருந்தை நிறுத்தச் சொல்லும் கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று அறிவித்தார். 9 குடும்பம் அண்ணனோடு போய்விட்டது. அதில் இரண்டு குடும்பத்தின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள்.

கள்ளப்போதகன் என்றால் காசு பிடுங்குகிறவன் என்றுதான் நாம் நினைக்கிறோம், 2 பேதுரு 2:3-ஐயும் அதற்குத்தான் காட்டுவோம். இந்த அண்ணன் ஒரு ரூபாய் வாங்கவில்லை, தான் சொன்னதை அவர் உண்மையாகவே நம்பினார். அதனால்தான் எங்களுக்குப் பிடிபடாமல் போனது. ஆகவே உங்கள் சபையில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்குள் போகாதீர்கள், அதில் இறங்கினால் மாதக்கணக்கில் ஓடிவிடும். அவர் சொல்வது வேதத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்து, ஜனங்கள் ஏன் அங்கே போனார்கள் என்றும் பாருங்கள். பெரியம்மா விதவை, ஒரே மகன் பெங்களூரில். அந்த அண்ணன் தினமும் காலையில் போன் பண்ணி, சாப்பிட்டீர்களா அம்மா என்று கேட்பாராம். சபையிலிருந்து சங்கக் காணிக்கைக்கு மட்டும் ஆள் போகும். பக்கத்துத் தெருவில் இருந்த நானே வாரத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்த்தேன். இப்போது தனியாக இருக்கிறவர்கள் பட்டியல் ஒன்று எழுதி, ஆளுக்கு நாலு வீடு என்று பிரித்துக்கொண்டு போகிறோம். இதைச் செய்யாமல் எச்சரிக்கை மட்டும் கொடுத்தீர்களானால் ஜனங்கள் அங்கேயேதான் போவார்கள்.

தேவன் சுகமாக்குவதை நான் மறுக்கிறேன் என்று யாராவது சொல்வீர்கள். மறுக்கவில்லை. யாக்கோபு 5:14 சொல்கிறபடி எண்ணெய் பூசி ஜெபிக்க நானே ஆயரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பெந்தெகொஸ்தே சபைகளுக்கு விரோதமாக எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம், என் தங்கை அங்கேதான் போகிறாள், பெரியம்மாவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சத்தம் போட்டது அவளுடைய பாஸ்டர்தான். நம்முடைய மூத்தோருக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. 1838-லேயே நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கியது, 1900-ல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கியது ஒரு கட்டில் போட்ட சின்ன மருத்துவமனை. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஊசி போட்டார்கள். பவுலோடு கூடவே போனவனும் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா". அற்புதம் செய்த அதே பவுல்தான் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறான். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம், போகப்போகச் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒன்று. கென்யாவில் ஷகாஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையை நம்பினவர்களின் சடலங்களை 2023-ல் தோண்டி எடுக்கத் தொடங்கினார்கள், 400-க்கு மேல் எடுத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. உங்கள் சபை அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆயரிடம் மறுபடியும் போங்கள், தனியாகப் போகாமல் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, தவறாகப் போதிக்கிறவர் சொன்ன வசனங்களை அதிகாரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால் ஆயருக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் சபையில் அப்படிப் போதிக்கிறவர் எந்த வசனத்தைக் காட்டுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால் எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தில் வைத்து வாசிக்கிறோம். இந்த வாரம் கொலோசெயர் இரண்டாம் அதிகாரம், பெரியம்மாவைக் கூட்டிவர ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன்.