ஆறு பவுனும் மூன்று வருட ஒப்பந்தமும்

அன்புள்ள சார்,

என் மகனுக்கு 17 வயது. எட்டு வயதிலிருந்து கால்பந்து ஆடுகிறான். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஷூ, வெளியூர் போட்டி, முட்டை, பால் என்று செலவு செய்தே என் ஆறு பவுன் அடகுக்குப் போய்விட்டது. இப்போது ஒரு கிளப் மூன்று வருட ஒப்பந்தம் தருகிறது. இவனோ பிளஸ் டூ முடித்து, கல்லூரி அணியில் ஆடிவிட்டுப் பார்க்கலாம் என்கிறான். பத்து நாளாக அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. நாங்கள் பட்ட பாடு அவனுக்குத் தெரியவில்லையா?

ஒரு அம்மா, வியாசர்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

தெரியும். உங்கள் முல்லை நகர் மைதானத்தில் ஒரு பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் ஷூ முனை பிய்ந்து, செருப்பு தைக்கிற நூலால் மூன்று இடத்தில் தைத்திருந்தது. பேசி முடிக்கும்வரை அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்தே வைத்திருந்தான். வீட்டு நிலைமை இந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அதனால் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். 18 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரரோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கூடாது என்பது ஃபிஃபா விதி. அதாவது, விதி விடுகிற அளவுக்கு முழுசாகக் கேட்கிறார்கள். வளர்கிற பையனை இன்றைய விலைக்கு 20 வயது வரை பிடித்துவைக்கிற தாள் அது. முழங்கால் தசைநார் கிழிந்தால் மைதானத்துக்குத் திரும்பவே ஒன்பது மாதம் ஆகலாம். அந்த மாதங்களில் சம்பளம் உண்டா, அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது? முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் மகன் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். சென்னையில் ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை அணிகளில் ஆடி, அப்படியே வேலையில் நிலைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வாசலில் நிற்கவும் படிப்பு வேண்டும். செஸ் வீரர் குகேஷின் அப்பா, மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக மருத்துவத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. பெரிய தியாகம்தான். ஆனால் பையன் ஜெயிக்காமல் போயிருந்தாலும் அந்த வீட்டில் இரண்டு படிப்பு இருந்தது. உங்கள் வீட்டில் இருந்தது ஆறு பவுன்.

அதற்காக வட்டி நிற்காது, தெரியும். நகை சேட்டுக் கடையில் இருந்தால் மீட்டு, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மாற்றி வையுங்கள், வட்டி குறையும். நகை மூழ்கிவிடக் கூடாது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அடகு ரசீதை மகனிடம் கொடுத்து, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கணக்கைச் சொல்லுங்கள். சொல்லிக்காட்டாதீர்கள். "உனக்காகத்தான்" என்ற ஒரு வார்த்தை அங்கே வந்தால் அவன் மறுநாளே கையெழுத்துப் போடச் சொல்வான், விருப்பமே இல்லாமல். அவன் அப்பாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

எதிலும் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை ஒரு வழக்கறிஞர் படிக்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே உதவுவார்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மூன்று வருடத்தைப் பற்றிய கேள்விகளை அவனே கேட்கட்டும்.